ஒரே கவுண்ட்டி, மூன்று ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்: வட கரோலைனா ஹாலிஃபாக்ஸில் எங்கே வீடு பார்ப்பது?

மலைக்கோட்டை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். மனைவி டாக்டர். ஜே-1 வெய்வரில் (படிப்பு முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும் என்ற விசா விதியிலிருந்து டாக்டர்களுக்குக் கிடைக்கும் விலக்கு) வட கரோலைனாவின் ஹாலிஃபாக்ஸ் கவுண்ட்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வேலை கிடைத்திருக்கிறது. மூன்று வருடம் கட்டாயம் அங்கே வேலை பார்த்தாக வேண்டும். எனக்கு வீட்டிலிருந்தே வேலை, அதனால் எங்கே இருந்தாலும் ஒன்றுதான். பிரச்சினை பிள்ளைகள் படிப்பு. மகள் வரும் ஆகஸ்டில் 7-ஆம் வகுப்பு, மகன் 3-ஆம் வகுப்பு. இப்போது எடிசனில் இருக்கிறோம், நியூ ஜெர்சி.

கவுண்ட்டியின் மொத்த மக்கள்தொகையே 48,000 சொச்சம். அதற்குள் மூன்று தனித்தனி ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (அரசுப் பள்ளிகளை நடத்தும் தனி நிர்வாகம்) இருக்கிறது: ரோனோக் ராப்பிட்ஸ், வெல்டன், மிச்சமுள்ள கிராமப்புறம் முழுவதற்கும் ஹாலிஃபாக்ஸ் கவுண்ட்டி ஸ்கூல்ஸ். ஏன் இப்படி என்று யாரும் சரியாகச் சொல்லவில்லை. வீடு காட்டும் ஏஜென்ட் அம்மாவிடம் எந்தப் பள்ளி நல்லது என்று கேட்டால், அதைப் பற்றி நான் பேசக்கூடாது, நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள் என்கிறார். அடுத்த மூச்சிலேயே, இங்கே வரும் டாக்டர்கள் லேக் கேஸ்டன் ஏரிப் பக்கம்தான் வீடு கேட்பார்கள் என்றும் சொல்கிறார்!

வீட்டு விளம்பரத் தளங்களில் பள்ளிக்குப் பக்கத்தில் பத்துக்கு இத்தனை என்று ஓர் எண் போட்டிருக்கிறார்கள். மாநில அரசின் பக்கத்தில் ஏ, பி, சி, டி, எஃப் என்று தனியாக ஒரு கிரேடு. இரண்டையும் வைத்து எக்செல் போட்டுப் பார்த்தேன், தலைவலிதான் மிச்சம். இந்த கிரேடை எவ்வளவு தூரம் நம்பலாம்? இல்லை, மாநிலத் தலைநகர் ராலே பக்கம் வீடு எடுத்துவிட்டு மனைவி மட்டும் காரில் போய்வருவது மேலா? அந்தப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

கேரி அப்பா

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ராலேயை ஒட்டிய கேரியிலோ மோரிஸ்வில்லிலோ வீடு எடுங்கள். கோயில் இருக்கிறது, தமிழ்ப் பள்ளி இருக்கிறது, இட்லி மாவு கிடைக்கிறது. ஒன்றரை மணி நேர டிரைவ்தான். வாரத்தில் சில ராத்திரி அங்கேயே தங்கிக்கொள்ளலாம், பல டாக்டர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். டி கிரேடு பள்ளிக்கு எடிசன் பிள்ளையைக் கூட்டிப்போவதா? மூன்று வருடம் போனால் திரும்பி வராது.

விருதுநகர் டீச்சர்

மலைக்கோட்டை தம்பி, நான் ஹாலிஃபாக்ஸுக்குப் பக்கத்துக் கவுண்ட்டி ஒன்றில் 7-ஆம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். உங்கள் மனைவி அமெரிக்காவுக்கு வந்தது போல நானும் ஜே-1 விசாதான், ஆனால் டீச்சர் வகை. மூன்று வருடம், நீட்டித்தால் ஐந்து, அப்புறம் மூட்டை கட்ட வேண்டும். கிழக்கு வட கரோலைனாவின் கிராமப் பள்ளிகளில் எங்களைப் போன்றவர்கள் நிறையப் பேர். பிலிப்பைன்ஸ், ஜமைக்கா, இந்தியா. எங்கள் ஸ்டாஃப் ரூமில் மதியம் மைக்ரோவேவ் திறந்தால் மூன்று நாட்டு மணம் வரும்.

முதலில் அந்த ஏ, பி, சி. நான் பிறந்து வளர்ந்தது விருதுநகர் மாவட்டம். ப்ளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்திலேயே முதலிடம் என்று பல வருடம் பேப்பரில் போட்டோ வந்த ஊர். 100 சதவீதம் காட்டுவதற்காக, தேறாது என்று தோன்றும் பையனை ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுத்து அனுப்பும் பள்ளிகளையும் அங்கே பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு பள்ளிக்கு ஒற்றை எண் என்றாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

இங்கே கணக்கு இப்படி. பள்ளி கிரேடில் 80 சதவீதம் அச்சீவ்மென்ட், அதாவது எத்தனை பிள்ளைகள் மாநிலத் தேர்வில் தேறினார்கள் என்பது. 20 சதவீதம்தான் குரோத், அதாவது அந்தப் பிள்ளைகள் தாங்கள் முன்பு இருந்த இடத்திலிருந்து எதிர்பார்த்த அளவு முன்னேறினார்களா என்பது. குரோத்தை ஈவாஸ் என்ற முறையில் போடுகிறார்கள். போடுவது சாஸ் நிறுவனம், நம் கேரி அப்பாவின் ஊரில்தான் இருக்கிறது. மொத்தம் 85-க்கு மேல் ஏ, 70-க்கு மேல் பி, 55-க்கு மேல் சி, 40-க்கு மேல் டி, அதற்குக் கீழே எஃப்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுகிறேன், பாருங்கள். முதல் பள்ளி: அச்சீவ்மென்ட் 72, குரோத் 65. 72-இல் 80 சதவீதம் 57.6, 65-இல் 20 சதவீதம் 13. கூட்டினால் 70.6, பி கிரேடு. இரண்டாவது பள்ளி: அச்சீவ்மென்ட் 42, குரோத் 95. 33.6-உம் 19-உம் சேர்ந்து 52.6, டி கிரேடு. இதில் எந்தப் பள்ளியில் டீச்சர்கள் அதிகம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்? என்னைக் கேட்டால் இரண்டாவதுதான். ஆனால் வீட்டு விலை ஏறுவது முதல் பள்ளி இருக்கும் தெருவில்.

80 சதவீதம் எதை அளக்கிறது? பெரும்பாலும் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போதே என்ன கொண்டுவந்தது என்பதை. அப்பா அம்மா படிப்பு, வீட்டில் புத்தகம், ராத்திரி ஷிஃப்ட் இல்லாத வீடு. உங்கள் பிள்ளைகள் அதையெல்லாம் எடிசனிலிருந்து கூடவே கொண்டுவரப் போகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது மிச்ச 20. மாநில ரிப்போர்ட் கார்டில் ஒவ்வொரு பள்ளிக்கும் எதிர்பார்த்ததை மிஞ்சியது, எட்டியது, எட்டவில்லை என்று மூன்றில் ஒன்று எழுதியிருக்கும். நான் முதலில் பார்ப்பது அந்த வரிதான்.

அடுத்தது, ஏன் மூன்று டிஸ்ட்ரிக்ட். இது தெரியாமல் இந்தக் கவுண்ட்டியின் எண்களை ஒப்பிடுவதில் பிரயோஜனம் இல்லை. ரோனோக் ராப்பிட்ஸ் பஞ்சாலை ஊர். ஆலை வரிப் பணம் இருந்த காலத்தில் தனக்கென்று பள்ளி நிர்வாகம் வைத்துக்கொண்டது. அங்கே உயர்நிலைப்பள்ளிக் கட்டடத்தைப் பாருங்கள், அரண்மனை மாதிரி இருக்கும். வெல்டன் ரயில் ஊர், அதுவும் தனி. மிச்சம் என்ஃபீல்டு, ஸ்காட்லாந்து நெக், லிட்டில்டன் என்று வேர்க்கடலையும் பருத்தியும் விளையும் பரந்த கிராமம். பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழிக்கச் சொன்னபோது 1969-இல் ஸ்காட்லாந்து நெக் ஊரும் வெள்ளைப் பிள்ளைகள் பெரும்பான்மையாக இருக்கும்படி தனி டிஸ்ட்ரிக்டாகப் பிரியப் பார்த்தது. மாநிலச் சட்டமன்றம் சட்டமே போட்டது. 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆனால் அதற்கு முன்பே இருந்த இரண்டு நகர டிஸ்ட்ரிக்டுகளின் கோடு அப்படியே நின்றுவிட்டது. அதே காலத்தில்தான் சுற்றுவட்டாரத்தில் தனியார் அகாடமிகளும் முளைத்தன. ஹாப்குட்டில் அப்படி இருந்த ஒன்று 2019-இல் சார்ட்டர் பள்ளியாக (அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் பள்ளி) மாறியது.

2015-இல் சில பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். இத்தனை சின்னக் கவுண்ட்டிக்குள் மூன்று நிர்வாகம் எதற்கு, ரோனோக் ராப்பிட்ஸில் வெள்ளைப் பிள்ளைகள் பெரும்பான்மை, மற்ற இரண்டிலும் கிட்டத்தட்ட எல்லோரும் கறுப்பினப் பிள்ளைகள், விற்பனை வரியைப் பிரிக்கும் முறையில்கூட தனி வரி போடும் நகர டிஸ்ட்ரிக்டுகளுக்குத்தான் பங்கு, கிராமத்துக்கு இல்லை என்பது அவர்கள் வாதம். 2018 கடைசியில் மாநில உச்ச நீதிமன்றம், நல்ல கல்வி கொடுக்கும் பொறுப்பு மாநிலத்துடையது, கவுண்ட்டி கமிஷனர்களை இதற்குப் பொறுப்பாக்க முடியாது என்று முடித்துவிட்டது. மாநிலத்தின் பொறுப்பு பற்றிய லியாண்ட்ரோ வழக்கு 1994-இல் தொடங்கியது. அதில் வழக்குப் போட்ட ஐந்து ஏழைக் கவுண்ட்டிகளில் ஹாலிஃபாக்ஸும் ஒன்று. 2009-இல் அந்த வழக்கின் நீதிபதி, ஹாலிஃபாக்ஸ் கவுண்ட்டி ஸ்கூல்ஸில் மாநிலமே நேரடியாக இறங்க வேண்டும் என்று உத்தரவிட்டார்.

ஆக, மூன்று டிஸ்ட்ரிக்டுகளின் கிரேடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிவது டீச்சர்களின் திறமை வித்தியாசம் மட்டும் இல்லை. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் யார் குடியிருந்தார்கள் என்பதும்தான்.

சரி, அதற்காக கிராமத்துப் பள்ளியில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. எங்கள் பக்கத்தில் உண்மையான குறை ஒன்று உண்டு, அது எந்த கிரேடிலும் நேராகத் தெரியாது: ஆள் இல்லை. போன வருடம் என் பக்கத்து வகுப்பறைக்குக் கணக்கு டீச்சர் கிடைக்கவே இல்லை. ஒரு சப் (தற்காலிக மாற்று டீச்சர்) வந்து உட்கார்ந்திருப்பார், பிள்ளைகள் குரோம்புக் லேப்டாப்பில் ஏதோ ஒரு ப்ரோகிராமைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். சுவரின் இந்தப் பக்கம் நான் விகித சமம் நடத்துவேன், அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கும். மே மாதம் தேர்வு வந்தபோது இரண்டு வகுப்பும் ஒரே பள்ளியின் ஒரே எண்ணுக்குள் போய்விட்டது. உங்கள் மகள் எந்தச் சுவருக்கு எந்தப் பக்கம் உட்காருவாள் என்பதுதான் உங்களுக்கு முக்கியம்.

எனவே பள்ளியைப் பார்க்கப் போகும்போது பிரின்சிபாலிடம் ரேட்டிங்கைப் பற்றிக் கேட்காதீர்கள். போன வருடம் 7-ஆம் வகுப்புக் கணக்குக்கும் இங்கிலீஷுக்கும் ஆகஸ்டிலிருந்து ஜூன் வரை ஒரே டீச்சர் இருந்தாரா, இந்த வருடம் யார், எத்தனை வருடமாக இங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். பதில் தெரிந்த பிரின்சிபால் உடனே பெயரோடு சொல்லிவிடுவார். மழுப்பினால் புரிந்துகொள்ளுங்கள். ரிப்போர்ட் கார்டிலும் புது டீச்சர்கள் எத்தனை சதவீதம் என்று ஒரு கட்டம் இருக்கும், அதையும் பாருங்கள்.

தரவுப்பூச்சி

டீச்சர் சொன்னதோடு ஒரே ஒரு விஷயம் சேர்க்கிறேன், நான் புள்ளியியல் வேலை பார்ப்பவன். கிராமப் பள்ளிகளில் எண்ணிக்கை சிறியது. ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் என்றால் ஒரு பிள்ளை 2.5 சதவீதம். நாலு பேர் வேறு ஊருக்குப் போனாலோ, நாலு பேருக்குத் தேர்வன்று காய்ச்சல் என்றாலோ அந்த வகுப்பின் எண் சுமார் 10 சதவீதம்கூட ஏறியதாகவோ இறங்கியதாகவோ தெரியும். ஒரு வருட எண்ணை வைத்து எக்செல் போடாதீர்கள். மூன்று, நாலு வருடத்தை வரிசையாக வையுங்கள். ஆனால் கோவிட் வருடங்களுக்கு முன்னும் பின்னும் கலக்க வேண்டாம்.

அப்புறம் ஸ்டான்ஃபோர்டில் ஷான் ரியர்டன் குழு நாடு முழுவதும் உள்ள டிஸ்ட்ரிக்டுகளின் தேர்வு மதிப்பெண்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து பொதுவில் வைத்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதும் டீச்சர் சொல்வதுதான்: சராசரி மதிப்பெண் குடும்ப வசதியோடு ஒட்டிக்கொண்டே போகிறது, வருடா வருட வளர்ச்சி அந்த அளவுக்கு ஒட்டுவதில்லை. ஏழை டிஸ்ட்ரிக்டில் நல்ல வளர்ச்சியும், பணக்கார டிஸ்ட்ரிக்டில் மந்தமான வளர்ச்சியும் சகஜம். எடிசனையும் ஹாலிஃபாக்ஸையும் அந்த வரைபடத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்களுக்குப் பொழுது போகும்.

இலவச மதிய உணவுச் சதவீதத்தை ஏழ்மையின் அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த மாதிரிப் பகுதிகளில் பல பள்ளிகளில் கூட்டாட்சித் திட்டத்தின் கீழ் எல்லாப் பிள்ளைகளுக்கும் விண்ணப்பம் இல்லாமலே சாப்பாடு இலவசம். டாக்டர் பிள்ளையும் அந்தக் கணக்கில்தான் வரும்.

கேரி அப்பா

டீச்சர் சொல்வது படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன், குரோத் எல்லாம் சராசரிப் பிள்ளைக்கு. 7-ஆம் வகுப்பில் ஏற்கெனவே முன்னால் இருக்கும் பெண்ணுக்குக் கூடப் போட்டி போட ஆள் வேண்டாமா? இங்கே என் மகன் வகுப்பில் பாதிப் பேர் எட்டாவதிலேயே மேத் 1 (உயர்நிலைப்பள்ளியின் முதல் கணக்குப் பாடம்) எடுக்கிறார்கள். அங்கே அந்த வகுப்பே இருக்குமா?

மலைக்கோட்டை

டீச்சர், ரொம்ப நன்றி. வரலாறு இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. கேரி அப்பா கேட்டதுதான் என் மனைவியின் கவலையும். மகள் கணக்கில் கொஞ்சம் வேகமானவள். மகனுக்குப் பிரச்சினை வேறு, படிக்கப் பிடிக்காது, வாசிப்பு மெதுவாகத்தான் வருகிறது. எங்களுக்கு எண் எல்லாம் இரண்டாம் பட்சம், இந்த இரண்டு பேரும் எந்தப் பள்ளியில் சரிப்படுவார்கள் என்பதுதான் கேள்வி. அப்புறம் அந்த ஏரிப் பக்கம்?

விருதுநகர் டீச்சர்

கேரி அப்பா கேட்டது நியாயமான கேள்வி. என் வகுப்பில் வேகமான பிள்ளை ஒன்றிரண்டு இருக்கும், அவர்களுக்குக் கூடுதலாக என்ன பாடம் கொடுப்பது என்று நானே திணறியிருக்கிறேன். ஆனால் இதற்குச் சட்டம் இருக்கிறது. 7-ஆம் வகுப்பு முடிவில் மாநிலக் கணக்குத் தேர்வில் லெவல் 5 (இருப்பதிலேயே உயர்ந்த நிலை) வாங்கினால் 8-ஆம் வகுப்பில் மேத் 1-இல் போட வேண்டும், 2018-இல் வந்த சட்டம். பெற்றோர் எழுதிக்கொடுத்தால்தான் வேறு வகுப்பு. பள்ளியில் ஆள் இல்லை என்று சொன்னால் மாநிலத்தின் வர்ச்சுவல் பள்ளி இருக்கிறது, அதில் ஆன்லைனில் எடுக்கலாம். கேட்காத பெற்றோருக்கு இதெல்லாம் தானாக நடக்காது. கேட்டால் நடக்கும், ஏனென்றால் கேட்பவர்கள் குறைவு.

இன்னொன்று, இதை கேரி அப்பா ரசிக்க மாட்டார். டர்ஹாமில் உள்ள அறிவியல் கணித உறைவிடப் பள்ளி, 11, 12-ஆம் வகுப்புக்கு, மாநில அரசே நடத்துவது. அதற்கு மாநிலத்தின் ஒவ்வொரு அமெரிக்க நாடாளுமன்றத் தொகுதியிலிருந்தும் பிள்ளைகளை எடுக்க வேண்டும். கேரிப் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு விண்ணப்பம் போகிறது, எங்கள் பக்கத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். மூன்று வருடத்துக்குப் பிறகும் நீங்கள் அங்கேயே இருந்தால், மகள் 10-ஆம் வகுப்பில் இருப்பாள். விண்ணப்பிக்கும் வயது அதுதான். உயர்நிலைப்பள்ளியிலேயே இருந்தாலும் 11-ஆம் வகுப்பிலிருந்து கம்யூனிட்டி காலேஜ் பாடங்களைக் கட்டணம் இல்லாமல் எடுக்கலாம். ஹாலிஃபாக்ஸ் கம்யூனிட்டி காலேஜ் வெல்டனில்தான் இருக்கிறது.

மகன் விஷயம்தான் எனக்கு அவசரமாகத் தெரிகிறது. இந்த மாநிலத்தில் 3-ஆம் வகுப்பு வாசிப்பு பெரிய விஷயம். பள்ளி திறந்த சில வாரத்திலேயே ஒரு வாசிப்புத் தேர்வு வைப்பார்கள், வருடக் கடைசியில் இன்னொன்று. இரண்டையும் வைத்துத்தான் 3-ஆம் வகுப்பின் குரோத். கடைசியில் தேறாவிட்டால் கோடை வாசிப்பு முகாம், சிலருக்கு அதே வகுப்பில் இன்னொரு வருடம் என்றுகூடப் போகும், விதிவிலக்குகள் உண்டு. புது ஊர், புது உச்சரிப்பு, முதல் மாதமே தேர்வு. அதனால் மகனுக்குப் பள்ளி தேர்ந்தெடுக்கும்போது 3-ஆம் வகுப்பு டீச்சரையும் வாசிப்புக்கென்று தனி ஆள் இருக்கிறாரா என்பதையும் பாருங்கள். பள்ளியின் மொத்த கிரேடு என்னவாக இருந்தாலும் சரி. 4, 5-ஆம் வகுப்புத் தேர்வுகள் அந்த கிரேடைத் தூக்கிப் பிடித்திருக்கலாம், கிண்டர்கார்டன் முதல் 2-ஆம் வகுப்பு வரை அந்தத் தேர்வே கிடையாது.

ஏரி அழகு. வீடும் பெரிதாகக் கிடைக்கும். ஆனால் லேக் கேஸ்டன் கரை நாலைந்து கவுண்ட்டியில், இரண்டு மாநிலத்தில் பரவிக் கிடக்கிறது. கொஞ்சம் தள்ளி வாங்கினால் வாரன் கவுண்ட்டி, இன்னும் தள்ளினால் வர்ஜினியா. ஹாலிஃபாக்ஸ் பக்கக் கரையாக இருந்தாலும் அது ரோனோக் ராப்பிட்ஸ் டிஸ்ட்ரிக்ட் கிடையாது. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், ஸ்கூல் பஸ்ஸைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. டாக்டர்கள் ஏரிக்கரையில் வீடு எடுத்துவிட்டுப் பிள்ளைகளைத் தனியார் பள்ளியில் சேர்ப்பதும் உண்டு. தனியார் பள்ளிக்கு மாநில கிரேடு போடுவதில்லை, ஒப்பிட முடியாது. பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

என்னைக் கேட்டால், ராலேயிலிருந்து தினமும் போய்வருவதை மறந்துவிடுங்கள். அம்மாவுக்கு ராத்திரி ஆஸ்பத்திரி அழைப்பு டியூட்டி இருக்கும் வீட்டில், வாசிப்பு மெதுவாக வரும் பையனுக்கு அம்மா பக்கத்தில் இருப்பது எந்த ஏ கிரேடையும் விடப் பெரிது. மூன்று டிஸ்ட்ரிக்டிலும் ஒரு தொடக்கப்பள்ளி, ஒரு நடுநிலைப்பள்ளி வீதம் ஏப்ரலுக்குள் நேரில் போய்ப் பாருங்கள். வேலை நாளில், மதியம் சாப்பாட்டு நேரத்துக்குப் போங்கள். வகுப்பறையைக் காட்டுவார்கள், அது சரி. கேஃபடீரியாவில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று நின்று கேளுங்கள்.

மலைக்கோட்டை

ஏப்ரல் ஸ்பிரிங் பிரேக்கில் வருகிறோம். அங்கே அந்த வாரம் பள்ளி இருக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். ரோனோக் ராப்பிட்ஸ் முகவரியில் ஒரு வீடு பிடித்திருக்கிறது, விலையும் ஒத்துவருகிறது. அது அந்த டிஸ்ட்ரிக்டுக்குள் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

விருதுநகர் டீச்சர்

இல்லை. தபால் முகவரி வேறு, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எல்லை வேறு. ரோனோக் ராப்பிட்ஸ் என்று முகவரி உள்ள பல வீடுகள் கவுண்ட்டி டிஸ்ட்ரிக்டில் இருக்கும். கவுண்ட்டி வரி அலுவலகத்தின் பக்கத்தில் அந்த வீட்டின் வரி பில்லைப் பாருங்கள். நகர டிஸ்ட்ரிக்ட் என்றால் பள்ளிக்கென்று ஒரு வரி தனியாகப் போட்டிருக்கும். பில்லில் புரியவில்லை என்றால் டிஸ்ட்ரிக்ட் ஆபீசுக்கு போன் போட்டு வீட்டு எண்ணையும் தெருவையும் சொல்லிக் கேளுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால்.